என் வண்டியில் சிவகிரிக்குப் போன அண்ணாச்சி

தென்காசியை நெருங்கும்போது காற்று என்னை வண்டியோடு சேர்த்துச் சாலையின் இடது ஓரத்துக்குத் தள்ளியது. வலப்பக்கம் மலை, அதன்மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. முகத்தில் தூறல் விழுந்துகொண்டே இருக்க, தலைக்கு மேல் வெயிலும் அடித்தது. திருப்பூரில் யாராவது இப்படி ஒரு வானிலையைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன். கொஞ்சம் கத்தவும் செய்தேன். தனியாக வண்டி ஓட்டிப் போவதில் முதல் சுகம், நாம் கத்துவது யாருக்கும் கேட்காது என்பதுதான்.

அதற்கு முந்தைய வாரம்வரை நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் ஒருவர் தூங்கி எழுந்து, நான் கேட்ட நீலம் இது இல்லை என்று மெயில் அனுப்புவார். நான் இரண்டு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு சாயப்பட்டறைக்கு ஓடுவேன். ஒருநாள் சன்னல் வெளிச்சத்தில் அந்த இரண்டு நீலத்தையும் வெகுநேரம் பிடித்துப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. அது தெரிந்தாக வேண்டும் என்ற ஆசையும் எனக்குள் இல்லை. மறுநாள் ராஜினாமா எழுதினேன்.

வேலைக்குப் போய்வந்த அதே நூறு சிசி வண்டி. பின்னால் ஒரு கூடாரம், ஒரு ஸ்டவ், ஒரு பாய். தென்காசியிலிருந்து செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குள் இறங்கி, அப்படியே கடலோரமாக வடக்கே, ஆசை தீருகிறவரை. இதுதான் திட்டம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் பொழுது சாய்வதற்குள் என் குரல் அவளுக்குக் கேட்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவான். அண்ணன் அந்த ஒருநாளுக்காகவே காத்திருந்தான்.

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டுக்காரர், எல்லாம் நிரம்பிவிட்டது, வேண்டுமானால் பின்னால் தோப்பில் டென்ட் போட்டுக்கொள் என்றார். தேங்காய் விழாத இடமாகப் பார்த்து அவரே காட்டினார். கூடாரத்தின் மேல்விரிப்பை நான் உதறியதும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒரு கொய்யா மரத்தில் மாட்டியது. சாத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பமே அறையிலிருந்து இறங்கி வந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டது. நான் முளை அடித்தேன். வீட்டில் மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தபோது எனக்குக் காற்று என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

அன்று சாயங்காலம் கேரள எல்லைக்குப் போகும் சாலையில், சின்னச் சின்னப் பரோட்டாக்களை மிளகுக் கோழியோடு சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவில் பாதி அளவுதான் இருக்கும். அதனால் எத்தனை சாப்பிட்டோம் என்று கணக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அம்மாவுக்குப் போன் செய்து, மழைச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

காலையில் பேரருவிக்குப் போனேன். வண்டியை ஸ்டாண்டில் விட்டு, ஹெல்மெட்டையும் மாற்றுத் துணிப் பையையும் அங்கே டோக்கன் போடுகிறவரிடம் கொடுத்தேன். போனை மட்டும் யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. பெட்ரோல் டாங்க்கின் மேல் மாட்டிய ரெக்ஸின் உறையில் ஒரு ஜிப் பை இருக்கிறது. அதற்குள் திணித்து மூடினேன். சாவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

பெண்கள் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு. எண்ணெய்த் தலையோடு எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி, தலையைக் குனிந்துகொள், மூச்சை வாயால் விடு, கம்பியை விடாதே என்று சொல்லிக்கொடுத்தாள். அடுத்த நொடி தண்ணீர் என் பிடரியில் விழுந்தது. அதைக் குளியல் என்று சொல்ல முடியாது. பத்துப் பேர் சேர்ந்து முதுகில் குத்துவதுபோல இருந்தது. காது அடைத்தது, கண் தெரியவில்லை, பக்கத்தில் யாரோ சிரிக்கும் அதிர்வு மட்டும் தோளில் பட்டது. வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நுழைந்தேன். மறுபடியும். உதடு நீலமான பிறகுதான் ஸ்டாண்டுக்குத் திரும்பினேன்.

ஈர உடையை மாற்றிக்கொண்டு, டோக்கனைக் கொடுத்து, வண்டியை எடுத்துக் கிளம்பினேன். கடைத்தெரு முனைகூடத் தாண்டவில்லை. இரண்டாவது கியர் போட்டபோது என் இடது கை ஏதோ தப்பு என்று சொன்னது. கிளட்ச் தொளதொளவென்றிருந்தது. ஹாரனை அழுத்தினேன், அழுகிற குரலில் ஒலித்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். அதே கறுப்பு, அதே சிவப்புக் கோடு, அதேபோல ரெக்ஸின் உறை. நம்பர் மட்டும் வேறு. ஜிப்பைத் திறந்தால் உள்ளே காய்ந்த வெங்காயத் தோலும் ஒரு பாக்கெட் சீரக மிட்டாயும் இருந்தன.

என் வண்டி போயிருந்தது. அதோடு போனும் போயிருந்தது.

ஸ்டாண்டுக்குத் திரும்பி ஓடினேன். டோக்கன் போடுகிறவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு நிம்மதியாகத் தலையை ஆட்டினார்.

“இது வேல்ச்சாமி அண்ணாச்சி வண்டில்லா. பாவூர்சத்திரத்துல ஈருள்ளிக் கமிஷன் கடை வச்சிருக்காவ. அவிய சாவி தேஞ்சு போச்சு, எந்த வண்டிக்கும் போடும். இந்தப் பூட்டுக்கும் எந்தச் சாவியும் போடும். நீ பயப்படாத, அண்ணாச்சி நல்ல மனுசன்.”

அண்ணாச்சியின் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் இல்லை. அவர் போனிலிருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள் என்றார். அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு போவது தவிர வேறு வழி தெரியவில்லை.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நான் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி உள்ளே நுழைந்ததுமே ஆட்கள் அதற்கு வழி விட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஓட்டுவது யார் என்று நிமிர்ந்து பார்த்தார்கள். தக்காளிப் பெட்டிகளும் முருங்கைக்காய்க் கட்டுகளும் டெம்போக்களில் ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் சின்ன வெங்காயம் என்று நாங்கள் சொல்வது இங்கே ஈருள்ளி. மூட்டை சுமந்துவந்த ஒருவர் சுமையோடேயே நின்று, அண்ணாச்சி வண்டி உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் மூட்டையை இறக்காமலே என்னைக் கடைவரை அழைத்துப்போனார். கதையின் மிச்சத்தைக் கேட்காமல் போக அவருக்கு மனமில்லை.

கடையில் உட்கார்ந்திருந்தது வேல்ச்சாமி அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் வெங்காயத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டே விவசாயியிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அந்த உருட்டல் நின்றது.

“எங்க நின்னுச்சு வண்டி?”

“குற்றாலத்துல, அக்கா. ஸ்டாண்டுல.”

“குத்தாலத்துலயா?”

போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தார். சுற்றி நின்றவர்கள் மேஜைக்கு நெருங்கி வந்தார்கள்.

“எங்கன நிக்கீய?”

“சிவகிரிலதான். எலுமிச்சைத் தோப்பு பாக்கணும்னு சொன்னேன்லா.” காற்று இரைச்சலோடு ஒரு ஆண்குரல் வந்தது.

“எப்பம் போனீய?”

“விடியவே வந்துட்டேன்.”

“எதுல போனீய?”

“எதுல வருவேன்? நம்ம வண்டிலதான். முன்னால நிக்குது.”

செல்லக்கனி அக்கா கடை வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். குற்றாலத்துச் சாரல் இன்னும் அதன் மட்கார்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“சரி. அங்கனயே நில்லுங்க” என்று சொல்லிப் போனை வைத்தார். மூட்டைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

என் போன் அந்த வண்டியில்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அக்கா மறுத்துவிட்டார். “இப்பச் சொன்னா, அவிய வந்து சேருததுக்குள்ள ஒரு கதை கட்டிருவாவ. நேர்ல போவோம். நீ ஓட்டுவேல்லா?”

அதற்குமுன் அம்மாவிடம் பேசிவிடலாம் என்று அவர் போனை வாங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அம்மாவின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. அண்ணனுடையதும் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் என்னுடையதைத் தவிர ஒரே ஒரு நம்பர்தான் வந்தது. நான் விட்டுவந்த கம்பெனியின் நம்பர்.

மேனேஜர் எடுத்தார். என் குரலைக் கேட்டதும், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “வந்துருங்க. உங்க சீட்டுக்கு இன்னும் ஆள் போடலைங்க. லீவுன்னு போட்டுக்கலாம், யாருக்கும் தெரியாது.”

தலைமுடி ஈரமாகப் பிடரியில் ஒட்டிக்கிடந்தது. வண்டி இல்லை, போன் இல்லை. முன்பின் தெரியாத மார்க்கெட்டில் வெங்காயச் சருகின் நடுவே நிற்கிறேன். அந்த ஏசி அறை, என் நாற்காலி, சன்னலோரத்து மேஜை எல்லாம் ஒரு கணம் அப்படியே கண்முன் வந்து நின்றன. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாகூட சந்தோஷப்படுவாள்.

“எங்கம்மா நம்பர் மட்டும் வேணும் சார். நான் சேரும்போது குடுத்திருக்கேன், பார்த்துச் சொல்லுங்க” என்றேன். என் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு நம்பரைச் சொன்னார். உடனே அடித்தேன். லைன் பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. அம்மா யாரோடும் அவ்வளவு நேரம் பேசுகிறவள் இல்லை.

அக்கா கடையை மூட்டைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தார். ஊரைத் தாண்டும்வரை மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு கேள்விகள் தொடங்கின. வீட்டில் யார் இருக்கிறார்கள், கல்யாணம் ஏன் ஆகவில்லை, கூடாரத்தில் பாம்பு வராதா, வேலையை ஏன் விட்டேன். காற்றில் பாதி பறந்துபோனது. நானும் பாதி கத்தித்தான் பதில் சொன்னேன்.

“வேலை பிடிக்கலையோ?”

“பிடிச்சுதுக்கா. அப்புறம் பிடிக்காம போயிருச்சு.”

அடுத்த ஊர் தாண்டியதும் அவர் தன்னைப் பற்றித் தானாகவே சொன்னார். கடை அவருக்குப் பிடிக்கும். வெங்காயத்தைக் கையில் எடுத்தாலே எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லுவார். ஆனால் கடையை விட்டு எங்காவது போக வேண்டும் என்பது எப்போதும் அண்ணாச்சிக்குத்தான் தோன்றுகிறது, போவதும் அவர்தான். சாரல் மார்க்கெட் தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு சீசனும் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறார். கடைசியாக எப்போது அருவிக்குப் போனோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

கடையநல்லூரில் டீக்கு நிறுத்தினோம். அம்மாவுக்கு மறுபடி அடித்தேன், பிஸி. டீக்கடைக்காரர் பல வருஷம் சவூதியில், தம்மாமில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வெயிலில் இந்தச் சாரலை நினைத்தே நாள் ஓட்டினோம் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே டீயை ஆற்றினார். என்னைப் பற்றி விசாரித்தார். தனியாகவா போகிறாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லக்கனி அக்கா முந்திக்கொண்டார்.

“தனியாத்தான் போறா. வேலைய விட்டுட்டு வண்டியில ஊர் பாக்கப் போறா. அதுக்கென்ன இப்பம்?”

டீக்கடைக்காரர் அதற்கென்ன, போகட்டும் என்றார். அக்கா என் தட்டிலிருந்த கடைசி பஜ்ஜியை எடுத்துக் கடித்தபடி வண்டியில் ஏறினார். “கொஞ்சம் வெரசாத்தான் போயேன்” என்றார்.

நான் விரட்டினேன். இடப்பக்கம் மலை கூடவே வந்தது. ஓரிடத்தில் மழை, அடுத்த திருப்பத்தில் வெயில். தொளதொள கிளட்ச் எனக்குப் பழகிவிட்டது. அம்மாவின் பிஸியான போன் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், கிளம்பிய நாளிலிருந்து நான் ஓட்டியதில் ஆகச் சிறந்த ஓட்டம் அதுதான்.

சிவகிரியைத் தாண்டி, தோப்புகளுக்குப் போகும் சாலையில், ஒரு புளியமரத்தடியில் என் வண்டி நின்றது. பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய கனத்த மனிதர் ஒருவர், தோளில் ஈரத் துண்டோடு, என் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“இல்லம்மா, நான் அப்படிப்பட்ட ஆளில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “எனக்கும் ஒரு மக இருக்கா. மெட்ராஸ்ல கட்டிக்குடுத்திருக்கு. ஆமாம்மா, ஈருள்ளிதான், மொத்த வியாபாரம்.”

அப்போதுதான் எங்களைப் பார்த்தார். முதலில் மனைவியை, பிறகு மனைவி வந்து இறங்கிய வண்டியை, பிறகு என்னை. போனை என்னிடம் நீட்டினார். தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தவர் கரையேறியதுபோல ஒரு பெருமூச்சு விட்டார்.

நடந்தது இதுதான். மனைவி போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் டாங்க் மணி அடித்திருக்கிறது. அண்ணாச்சி திகைத்துப்போய் ஜிப்பைத் திறந்தால், உள்ளே யாருடைய போனோ. எடுத்தால் அம்மா. யாருங்க நீங்க, எம்புள்ள எங்க என்று ஒரே பிடி. தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதுதான் வினையாகிவிட்டது. புள்ளை குரல் கேட்கிறவரைக்கும் போனை வைக்கக் கூடாது, வைத்தால் நேராக போலீஸ்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். மனிதர் அங்கேயே நின்று, தன் பிறந்த ஊரிலிருந்து தொடங்கி வாழ்க்கை முழுவதையும் ஒப்பித்திருக்கிறார்.

“எங்கடி போன?” என்றாள் அம்மா. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கார்ச் சாவியோடு வாசலில் நிற்பதாகச் சொன்னாள்.

“வர வேண்டாம்னு சொல்லும்மா. நான் நல்லா இருக்கேன்.”

அம்மா மூக்கைத் துடைத்துக்கொள்வது கேட்டது. “சொல்லிடறேன் சாமி. ஆனா இனிமே போனை வண்டில வெக்காத” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தாளு நல்ல மனுசன். பொஞ்சாதிக்குப் பயந்துட்டு நிக்கறாரு, பாவம். திட்ட வேண்டாம்னு அந்தம்மாகிட்டச் சொல்லு” என்றாள்.

சொல்வதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அக்கா அண்ணாச்சியின் தோளிலிருந்த ஈரத் துண்டை இரண்டு விரலால் எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார். தண்ணீர் மண்ணில் சொட்டியது.

“எலுமிச்சைத் தோப்புல அருவி விழுதோ?”

அண்ணாச்சி என் வண்டியையும் தன் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “எல்லா வண்டியும் ஒண்ணுபோலயே இருக்கு” என்றார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை, உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அக்காவின் உதடும் கோணியது. ஆனால் அவர் தன் கணவரின் வண்டியில் ஏறவில்லை. என் வண்டியில், என் பின்னால்தான் உட்கார்ந்தார்.

தென்காசியில் சாலை பிரியும் இடத்தில் அண்ணாச்சி பாவூர்சத்திரம் போக இடப்பக்கம் திரும்பினார். அக்கா என் தோளைத் தட்டி நேராகப் போகச் சொன்னார். குற்றாலத்தில் நாங்கள் வண்டியை நிறுத்தும்போது, பின்னாலேயே அழுகிற ஹாரன் கேட்டது. அக்கா அண்ணாச்சியிடம் பையையும் போனையும் கொடுத்து, இரண்டு வண்டியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அருவியில் விளக்குப் போட்டிருந்தார்கள். அக்கா கம்பியைப் பிடிக்காமலே உள்ளே போனார். நான் இரண்டு தடவை வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினேன். அவர் அங்கேயே நின்றார், முகத்தை உயர்த்தி, கண்ணை மூடி. காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசில் ஊதிய பிறகுதான் வெளியே வந்தார். பல் தந்தியடித்தது.

“நாளைக்கு எந்தப் பக்கம் போற?”

“செங்கோட்டை தாண்டி, மலையேறி, கேரளாக்கா.”

தலைமுடியைப் பிழிந்தபடி யோசித்தார். “ஆரியங்காவு வரைக்கும் நானும் வாரேன். அங்கருந்து பஸ்ஸப் பிடிச்சு வந்துக்கிடுவேன். கடைய ஒருநாள் அவிய பாக்கட்டும்.”

மறுநாள் காலையில் நான் கூடாரத்தைச் சுருட்டி முடிப்பதற்குள், அண்ணாச்சியே அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். என் சாமான்களுக்கும் எனக்கும் நடுவில் அக்கா இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பச்சை வயல்களைத் தாண்டி, செங்கோட்டையைத் தாண்டி, மலை வளைவுகளில் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். அவர் சிரிப்பது யாருக்கும் கேட்கவில்லை, எனக்கு மட்டும் கேட்டது.

ஆரியங்காவில் பால் இல்லாத கட்டன் சாயா குடித்தோம். தென்காசி பஸ் வந்தது. அவர் ஏறுவதற்குள் போன் அடித்தது. படிக்கட்டில் நின்றபடியே, “அந்த விலைக்கா குடுத்தீய? உங்கள ஒருநாள் உக்கார வச்சதுக்கு இதுவா?” என்று அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டே எனக்குக் கையை ஆட்டினார். பஸ் கிளம்பியது.

பின் இருக்கை காலியானதும் வண்டி லேசாகிவிட்டது. முன்னால் சாலை தேக்குமரங்களுக்குள் இறங்கியது. முதல் வளைவிலேயே மழை பிடித்துக்கொண்டது. நான் நிறுத்தவில்லை.